ஐந்து நொடிக் கூத்து

திரை நிறைய ஒரு மூக்கு. அதன் கீழே ஒரு விரல் இடமும் வலமுமாக அலைகிறது. சரியான கணத்தில் பட்டனை அழுத்தினால் விரல் மூக்குத் துவாரத்துக்குள் போகும், ஆடியவர் ஜெயித்துவிட்டார். குறி தப்பினால் ஒரு லைஃப் போச்சு. ஜெயித்தாலும் தோற்றாலும் ஐந்து நொடிக்குள் மூக்கு மறைந்து வேறொரு காட்சி வந்து நிற்கும். ஏதோ ஒன்று பாய்ந்து வரும், தாண்ட வேண்டும். அதற்கு அடுத்தது என்ன என்று யோசிப்பதற்குள் அதுவும் போய்விடும்.

கியோட்டோ நகரின் நிண்டெண்டோ நிறுவனம் 2003 மார்ச்சில் ஜப்பானில் வெளியிட்ட ‘மேட் இன் வாரியோ’ ஆட்டத்தில் இப்படி 200க்கு மேற்பட்ட துண்டுகள் இருந்தன. ஜப்பானுக்கு வெளியே அதன் பெயர் ‘வாரியோவேர்’. அடுத்த ஆண்டு டிசம்பரில், தொடுதிரை கொண்ட டிஎஸ் என்ற கையடக்கக் கருவி ஜப்பானில் கடைக்கு வந்த அதே நாளில், இந்தக் கூத்தின் தொடுதிரைப் பதிப்பும் கூடவே வந்தது. பெயர் ‘வாரியோவேர்: டச்ட்!’ கோமாளித்தனமாகத் தோன்றும் இந்த ஆட்டத்துக்குப் பின்னால் நாற்பது வருடத் தொழில் வரலாறு ஒன்று இருக்கிறது. அது ஒரு தொழிற்கூடத்தில், யந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த ஒருவரிடம் தொடங்குகிறது.

குன்பெய் யோகோய் 1965இல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தவர். அப்போது நிண்டெண்டோ சீட்டுக்கட்டுக் கம்பெனி. 1889இல் பூப்படம் போட்ட ‘ஹனாஃபுதா’ சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கிய குடும்பத் தொழில் அது. சீட்டு அச்சிடும் யந்திரங்களைப் பழுதில்லாமல் வைத்திருப்பதுதான் யோகோயின் வேலை. யந்திரம் ஒழுங்காக ஓடும்போது அவருக்கு வேலை இல்லை. அந்தச் சும்மா நேரத்தில், குறுக்குச் சட்டங்களை மடக்கி விரித்தால் தூரத்துப் பொருளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொம்மைக் கை செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி ஹிரோஷி யமவுச்சி கண்ணில் அது பட்டது. வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழும் என்று பார்த்தால், இதைச் சரக்காக்கு என்று உத்தரவு வந்தது. 1966இல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வெளிவந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. யந்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர் பொம்மை செய்பவரானார்.

யோகோயின் சிந்தனை முறைக்கு அவரே ஒரு சூத்திரம் சொல்லி வைத்தார்: புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாதே, எல்லாரும் பயன்படுத்திச் சலித்து, விலையும் மலிந்துபோன ஒன்றை எடுத்து யாரும் எதிர்பாராத பக்கம் திருப்பு. ஒருநாள் ஷின்கான்சென் அதிவேக ரயிலில், அலுவலகத்துக்குப் போகிற ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தார். எழுபதுகளில் ஷார்ப், கேசியோ நிறுவனங்களின் விலைப் போட்டியில் கால்குலேட்டரின் எல்சிடி திரை அடிமட்ட விலைக்கு வந்திருந்தது. அந்தத் திரையில் எண்களுக்குப் பதில் குட்டி மனித உருவங்களைப் பதித்தால்? 1980 ஏப்ரலில் முதல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் ஒரே ஒரு ஆட்டம், கூடவே ஒரு கடிகாரம், விலை 5,800 யென். அந்த வரிசையில் வந்த கருவிகள் மொத்தம் நான்கு கோடிக்கு மேல் விற்றன.

அவற்றில் கதை கிடையாது, முடிவும் கிடையாது. ஒரே செயல், அதன் வேகம் கூடிக்கொண்டே போகும், கை தடுமாறும் வரை ஆடலாம். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுப் பொம்மைக் கடைகளில் தொங்கிய ‘9999 இன் 1’ பிரிக் கேம் கருவிகளை ஆடியவர்களுக்கு இந்தத் தந்திரம் புரியும். உள்ளே இருந்தவை சில ஆட்டங்கள்தான். வேகத்தை மாற்றி மாற்றி எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். ஆனால் அந்தப் பொய்யிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. வேகம் இரட்டிப்பானால் ஆடுபவருக்கு அது நிஜமாகவே வேறு ஆட்டம்தான்.

1982இல் கேம் அண்ட் வாட்ச் இரண்டு திரைகளோடு, புத்தகம் போல மூடித் திறக்கும் வடிவில் வந்தது. முதலில் ‘ஆயில் பேனிக்’, பிறகு ‘டாங்கி காங்’. பின்னதில்தான் இன்று பெரும்பாலான வீடியோகேம் கருவிகளில் இடது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற சிலுவை வடிவப் பட்டன் முதன்முதலாக இடம்பெற்றது. அந்த டாங்கி காங் கருவியையும் 2004இன் டிஎஸ் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்காவும் தங்கையும் போல இருக்கும்.

யோகோயின் பிரிவு நிண்டெண்டோவின் முதல் ஆய்வு-வளர்ச்சிப் பிரிவு. 1989இல் கேம்பாய் என்ற கையடக்கக் கருவியைச் செய்தது அது. கலர்த் திரையோடு வந்த போட்டிக் கருவிகளை, பச்சைச் சாயல் படிந்த கறுப்பு-வெள்ளைத் திரையும் நீடித்து உழைக்கும் பேட்டரியும் கொண்டு கேம்பாய் தோற்கடித்தது. நிண்டெண்டோவின் செல்லப்பிள்ளை மாரியோ ஷிகெரு மியாமோட்டோவின் படைப்பு; அவர் வேறு பிரிவு. 1992இல் முதல் பிரிவு கேம்பாய்க்காக ஒரு மாரியோ ஆட்டம் செய்தபோது வில்லனாக ஒருவனைக் கொண்டுவந்தது. மாரியோவையே கண்ணாடியில் கோணலாகக் காட்டியது போல இருப்பான்: முறுக்கு மீசை, பெருந்தீனி, பணத்தாசை. வரைந்தவர் ஹிரோஜி கியோதாகே. பெயர் வாரியோ. இரண்டே வருடத்தில் அவன் தனி ஆட்டத்தின் நாயகனாகிவிட்டான். முதல் பிரிவுக்குச் சொந்தமாக ஒரு பிள்ளை கிடைத்தது, அதுவும் அடங்காப் பிள்ளை.

யோகோய்க்கு முடிவு நன்றாக அமையவில்லை. 1995இல் அவர் செய்த ‘வெர்ச்சுவல் பாய்’ என்ற சிவப்புத் திரை முப்பரிமாணக் கருவி படுதோல்வி. அடுத்த ஆண்டு நிறுவனத்தை விட்டு விலகினார். 1997 அக்டோபரில் ஒரு சாலை விபத்தில் இறந்தார். அவருக்குப் பின் பிரிவின் தலைமைக்கு வந்த தகேஹிரோ இசுஷியும் கேம் அண்ட் வாட்ச் காலத்து ஆள்தான்.

குட்டி ஆட்டங்களைத் தொகுத்துக் கொடுக்கும் வழக்கம் ஒன்றும் நிண்டெண்டோவின் கண்டுபிடிப்பு அல்ல. ஜப்பானிய வீடியோகேம் கூடங்களில் சேகாவின் ‘டான்ட்-ஆர்’ தொண்ணூறுகளின் தொடக்கத்திலும், கொனாமியின் ‘பிஷி பாஷி சாம்ப்’ 1996இலும் வந்துவிட்டன. பிஷி பாஷியில் ஆளுக்கு மூன்று பெரிய கலர் பட்டன்கள், அவற்றைப் போட்டு அடிக்க வேண்டியதுதான். வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்தது 1998 டிசம்பரில் வந்த ‘மாரியோ பார்ட்டி’. பகடை உருட்டும் பலகை ஆட்டத்தின் நடுவே நடுவே குட்டி ஆட்டங்கள். அவற்றில் சிலவற்றுக்குக் கன்ட்ரோலரின் குச்சியை முடிந்த மட்டும் வேகமாகச் சுழற்ற வேண்டும். குழந்தைகள் கட்டைவிரலை விட்டு உள்ளங்கையை வைத்துத் தேய்த்துச் சுழற்றினார்கள். தோல் உரிந்தது, கொப்புளம் வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வரை புகார் போனது. 2000இல் நிண்டெண்டோ, ஆட்டம் வைத்திருக்கும் வீடுகளுக்குக் கையுறை தருவதாக ஒப்புக்கொண்டது. உள்ளங்கையைக் காத்துக்கொள்ள வீடியோகேமுக்குக் கையுறை என்பது அதற்கு முன்னும் பின்னும் அதிகம் கேள்விப்படாத சங்கதி.

ஆனாலும் மாரியோ பார்ட்டியின் குட்டி ஆட்டங்கள் சாவகாசமானவை. ஆட்டம் தொடங்கும் முன் விதிமுறைப் பக்கம் ஒன்று வரும், எல்லாரும் படித்து முடித்துத் தயார் என்று சொன்ன பிறகுதான் ஆரம்பம். அந்த விதிமுறைப் பக்கத்தைப் பிடுங்கி எறிந்தது வாரியோவேர்.

அந்த யோசனை பிறந்ததும் ஒரு தோல்வியின் வயிற்றில்தான். நிண்டெண்டோ 64 கருவிக்கு அடியில் பொருத்தும் டிஸ்க் டிரைவ் ஒன்று, 64டிடி, பலமுறை தள்ளிப்போய் 1999 டிசம்பரில் ஜப்பானில் மட்டும் வந்தது. வாங்கியவர்கள் மிகக் குறைவு. 2001 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். அதற்காக 2000இல் வந்த மென்பொருள் ஒன்று ‘மாரியோ ஆர்ட்டிஸ்ட்: பாலிகன் ஸ்டூடியோ’, முப்பரிமாண உருவங்களை வடிக்கும் கருவி. அதன் மூலையில், செய்த உருவங்களை ஆடவிட்டுப் பார்க்க ‘சவுண்ட் பாம்பர்’ என்று ஒரு சில்லறைப் பகுதி. சில நொடி ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். வாரியோவேரின் விதை அதுதான் என்று அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான கோரோ அபே பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார். யாரும் வாங்காத கருவியில், யாரும் திறக்காத மெனுவில் கிடந்த விதை.

முதல் வாரியோவேரை இயக்கியவர் ஹிரோஃபுமி மட்சுஓகா. பிரிவில் இருந்தவர்கள் தோன்றிய யோசனைகளை ஒட்டுத்தாள்களில் எழுதி அவர் மேசையில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆளாளுக்கு யோசித்ததால் படமும் ஆளாளுக்கு மாறியது. ஒன்று புகைப்படம், அடுத்தது பள்ளிக்கூடப் பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கியது போல, அடுத்தது பழைய நிண்டெண்டோ ஆட்டத்தின் புள்ளிப் படம். வேறு எந்த ஆட்டத்திலும் குறையாகத் தெரியும் இந்த ஒட்டுப்போட்ட தோற்றம் இங்கே பலமாகிவிட்டது, ஏனென்றால் கண்ணுக்கு எதுவும் பழகிவிடக் கூடாது. இந்தக் கூத்தை நடத்த ஏன் வாரியோ என்றால், வேறு யாரும் பொருந்தவில்லை என்பதே அபே சொன்ன காரணம். கதைப்படி வாரியோவுக்கு வீடியோகேமில் பணம் கொழிக்கிறது என்று தெரியவருகிறது. நண்பர்களைப் பிடித்து ஆளுக்குக் கொஞ்சம் ஆட்டம் செய்யச் சொல்கிறான். ஆட்டக் கம்பெனி தன்னைத்தானே நக்கலடித்துக்கொண்ட கதை.

ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டளையோடு வரும். தாவு, தடு, பிடி, தின்னு. அவ்வளவுதான் விதிமுறை. கையில் சிலுவைப் பட்டனும் இன்னொரு பட்டனும் தவிர வேறெதுவும் தேவையில்லை. நான்கு லைஃப். சில துண்டுகளுக்கு ஒருமுறை வேகம் ஏறும், இசையும் சேர்ந்து துரிதமாகும். கட்டளையைப் படித்து, படத்தைப் புரிந்து, எது நான் எது எதிரி என்று கண்டுபிடித்து, செய்து முடிப்பதற்குள் நேரம் முடிந்திருக்கும். இதில் கைத்திறன் பாதிதான். மீதிப் பாதி, ஒரு படத்தைக் கண்டதும் இங்கே என்ன செய்ய வேண்டும் என்று ஊகிப்பது. ஆட்ட வடிவமைப்பாளர் சைம் கிங்கோல்டு 2005இல் வாரியோவேரிடமிருந்து வடிவமைப்பாளர்கள் என்ன கற்கலாம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். மூக்கு நோண்டும் ஆட்டம் அதற்குள் கல்விப்புலத்துக்குப் போய்விட்டது.

நிண்டெண்டோவுக்கோ அது கவலைக் காலம். 2002இல் யமவுச்சி ஒதுங்கி, சடோரு இவாடா தலைவரானார். ஆட்டங்கள் சிக்கலாகிக்கொண்டே போய்ச் சாதாரண மக்கள் விலகுகிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. சோனி வேறு அகலத் திரையும் பளபளப்புமாக பிஎஸ்பி கருவியோடு கையடக்கச் சந்தைக்குள் நுழையக் காத்திருந்தது. அதே பந்தயத்தில் ஓடாமல் பக்கவாட்டில் விலகி ஓடுவது என்று நிண்டெண்டோ முடிவெடுத்தது. இரண்டு திரை வேண்டும் என்றவர் ஓய்வுபெற்ற யமவுச்சி. கீழ்த்திரை தொடுதிரையானது.

தொடுதிரையும் புதிது அல்ல. 1997இலேயே டைகர் நிறுவனம் ‘கேம்.காம்’ என்ற கையடக்கக் கருவியில் ஸ்டைலஸ் குச்சியோடு கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்டது. அலுவலகக்காரர்களின் பாம் பைலட் கருவிகளில் அது பழகிப்போன சரக்கு. டிஎஸ் பயன்படுத்தியது அதே மலிவு வகை: மெல்லிய இரண்டு படலங்கள், நடுவே இடைவெளி, அழுத்தினால் மேல் படலம் கீழ்ப் படலத்தைத் தொட்டு இடத்தைச் சொல்லும். குச்சி, நகம், விரல் எதுவானாலும் சரி, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான். யோகோய் இருந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

2004 டிசம்பர் 2 அன்று 15,000 யென் விலையில் டிஎஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பத்து நாள் கழித்து பிஎஸ்பி. டிஎஸ்ஸோடு முதல் நாளில் வந்த ஆட்டங்களில் ‘சூப்பர் மாரியோ 64 டிஎஸ்’ இருந்தது. அற்புதமான ஆட்டம்தான், ஆனால் எட்டு வருடம் முந்தைய வேறொரு கருவியுடையது. தொடுதிரையில் அதை ஆடுவது கால்பந்தைக் கரண்டியால் உதைப்பது போல. இந்தப் புதுக் கருவி எதற்கு என்று வாங்கியவருக்கு விளக்கும் பொறுப்பு வாரியோவிடம் வந்தது.

டச்ட்!-இல் ஏறத்தாழ 180 துண்டுகள். வாரியோவின் கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கைச்செயல். மோனாவின் ஆட்டங்கள் குச்சியால் கோடு கிழித்து வெட்டுவது. நடனக்கார ஜிம்மியுடையவை தேய்ப்பது. கிறுக்கு விஞ்ஞானி டாக்டர் கிரைகோருடையவை சுழற்றுவது. ஆஷ்லி என்ற சிடுசிடுப்பான சூனியக்காரச் சிறுமி இந்த ஆட்டத்தில்தான் முதலில் வந்தாள். அவளுடையவை இழுத்துக்கொண்டு போவது. அவளுக்காகப் போட்ட பாட்டு ஆட்டத்தைவிடப் பிரபலமாகி, அவள் பின்னாளில் நிண்டெண்டோ நாயகர்கள் மோதும் ‘ஸ்மாஷ் பிரதர்ஸ்’ ஆட்டம் வரை போய்ச் சேர்ந்தாள். மைக் என்ற கரோக்கி ரோபோவின் பகுதியில் திரையைத் தொடவே வேண்டாம். கருவியின் மைக்கில் ஊத வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்து ஆடுபவர் கையிலிருக்கும் பெட்டியைப் பார்த்து ஊஃப், ஊஃப் என்று ஊதினால் பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பார் என்பதெல்லாம் நிண்டெண்டோவின் கவலை இல்லை.

இங்கேதான் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. முதல் ஆட்டத்தில் பட்டன்கள் குறைவு, கேள்விகள் அதிகம்: அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்த நொடி வரை தெரியாது. டச்ட்!-இல் ஆஷ்லியின் பகுதிக்குள் நுழைந்ததுமே இழுக்கப் போகிறோம் என்று தெரிந்துவிடுகிறது. மோனா என்றால் வெட்டு. விடையில் பாதியை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டது போல. ஏழு வாரம் முன்னால், அதே 2004 அக்டோபரில், ஜப்பானில் கேம்பாயின் வாரிசான கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்த ‘ட்விஸ்டட்!’ இதைவிடத் தேர்ந்த படைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அதன் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே சுழற்சியை உணரும் சென்சார் இருந்தது. கருவியையே ஸ்டியரிங் மாதிரி திருப்பி ஆட வேண்டும். திருப்புவது என்ற ஒற்றைச் செயலை மெல்லத் திருப்பு, ஒரு சுற்றுச் சுற்று, அசையாமல் பிடி என்று அது எத்தனையோ விதமாகக் கேட்டது.

ஆனால் நல்ல ஆட்டம் எது என்பது ஒரு கேள்வி, பயன்பட்ட ஆட்டம் எது என்பது வேறு. குச்சி பிடித்துத் திரையில் தேய்க்கவும் வட்டம் போடவும் கிழிக்கவும் தெரியாத ஒரு வாடிக்கையாளர் கூட்டத்துக்கு டச்ட்! அரிச்சுவடியாக இருந்தது. வகைவகையாகப் பிரித்து வைத்ததும் அதனால்தானோ என்னவோ. இதில் ‘பொம்மை அறை’ என்று ஒரு பகுதியும் உண்டு. வெற்றி தோல்வி இல்லாமல் சும்மா தொட்டுப் பார்க்கும் விளையாட்டுச் சாமான்கள் மட்டும். 2005 பிப்ரவரியில் அமெரிக்காவுக்கும், மார்ச்சில் டிஎஸ் கருவியோடு சேர்ந்து ஐரோப்பாவுக்கும் அது போனது.

டிஎஸ் ஜப்பானில் கடைக்கு வந்த அந்த டிசம்பர் 2ஆம் தேதி இவாடா எங்கே இருந்தார் என்பது சுவாரசியமான விஷயம். வடக்கே செண்டாய் நகரில், தொஹோகு பல்கலைக்கழக மூளை ஆய்வாளர் ரியூடா கவஷிமாவோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கென்று குறித்த சந்திப்பு மூன்று மணி நேரம் நீண்டதாக இவாடாவே பிறகு ஒரு மாநாட்டில் விவரித்தார். அதன் விளைவு 2005 மே மாதம் வந்த ‘பிரெய்ன் ஏஜ்’, தொண்ணூறு நாளில் ஒரு சிறு குழு செய்து முடித்தது. இயக்கியவர் வாரியோவேர் குழுவிலிருந்து வந்த கோயிச்சி கவமோடோ. இருபது கூட்டல் கழித்தலைக் குச்சியால் எழுதி எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்கள் என்று பார்க்கும் ஆட்டம். கூத்தைக் கழற்றிவிட்டுக் கோட்டு மாட்டிய வாரியோவேர் என்று அதைச் சொன்னால் தவறில்லை. தாத்தா பாட்டிகள் கடைக்கு வந்தார்கள். உலகம் முழுக்க 1 கோடியே 90 லட்சம் பிரதிகள் போயின. டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றது. பிஎஸ்பி அதில் பாதியை ஒட்டி நின்றது. கவமோடோ பின்னாளில் ஸ்விட்ச் கருவியின் உருவாக்கத்தையே இயக்கினார்.

அதே கூடாரத்திலிருந்து இன்னொரு கிளையும் முளைத்தது. இசையமைப்பாளர் சுன்குவோடு சேர்ந்து 2006இல் ‘ரிதம் தெங்கோகு’. குட்டி ஆட்டங்கள்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தாளத்தில் நின்றால் ஜெயிக்கலாம். அதன் டிஎஸ் பதிப்பு குச்சியைத் திரையில் சுண்டிவிடும் ஒரு செயலைச் சேர்த்தது. 2009இல் ‘வாரியோவேர் டிஐஒய்’ வந்தபோது ஆட்டத்தைச் செய்யும் பட்டறையையே ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டார்கள்: படம் வரை, இசை போடு, எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று விதி எழுது, நண்பருக்கு அனுப்பு. அனுப்ப உதவிய நிண்டெண்டோவின் இணையச் சேவை 2014 மே மாதம் நின்றது.

அதற்குள் தொடுதிரை எல்லார் பைக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. 2007இல் ஐபோன், அடுத்த ஆண்டு ஆப் ஸ்டோர். விரலின் மின்னூட்டத்தை உணரும் கண்ணாடித் திரையில் குச்சிக்கு வேலை இல்லை, பல விரல்கள் ஒரே நேரத்தில் பதியலாம். மெல்போர்ன் நகர ரயில் நிறுவனம் தண்டவாளப் பாதுகாப்புக்காக 2012இல் வெளியிட்ட ‘டம்ப் வேஸ் டு டை’ பாட்டு விளம்பரம் அடுத்த வருடம் மொபைல் ஆட்டமானபோது, அது அச்சு அசல் வாரியோவேர்: சில நொடித் துண்டுகள், மூன்று லைஃப், ஏறிக்கொண்டே போகும் வேகம். அதை ஆடிய கோடிக்கணக்கான பேரில் பெரும்பாலோர் வாரியோவின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

‘டச்ட்!’ ஆட்டத்துக்குப் பின்னரும் நிண்டெண்டோவின் ஒவ்வொரு கருவிக்கும் வாரியோ வந்துகொண்டுதான் இருந்தான். வீ கருவியில் ரிமோட்டை வீசச் சொன்னான், 2023இல் ஸ்விட்சின் கன்ட்ரோலர்களைப் பிடித்துக்கொண்டு உடம்பை வளைக்கச் சொன்னான். பழையவற்றின் கதி வேறு. 2016இல் ‘டச்ட்!’ ஆட்டத்தை டிஎஸ்ஸின் வாரிசான 3டிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு வாடிக்கையாளர் புள்ளிகளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யு கருவிகளின் இணையக் கடை மூடியதும் அந்த வழியும் அடைபட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஸ்விட்சின் சந்தா சேவையில் கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்கள் முதல் தவணையாகச் சேர்க்கப்பட்டபோது, 2003இன் முதல் வாரியோவேர் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்குச் சிலுவைப் பட்டனும் இன்னொரு பட்டனும் போதும், எந்தக் கருவியிலும் ஓடும். இரண்டு திரையும் மைக்கும் கேட்கிற ஆட்டமும், கார்ட்ரிட்ஜுக்குள் சென்சார் வைத்த ஆட்டமும் பழைய சாமான் விற்பவர்களிடம்தான் கிடைக்கின்றன. ‘ட்விஸ்டட்!’ ஐரோப்பாவில் கடைக்கே வரவில்லை என்பதால், அங்கே அதை வாங்க நினைப்பவர் ஜப்பானிய அல்லது அமெரிக்கப் பிரதியைத்தான் தேட வேண்டும்.